இல்லிருந்து கற்றல்

இணையவழிக் கல்வி என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் மதுரையில் இருவகைப் பேச்சு எழுகின்றது. 'கைப்பேசியைக் கையிற் கொடுத்துவிட்டால் பிள்ளை படிக்குமா, விளையாடுமா?' என வினவுவோர் ஒரு சாரார். 'இனிப் பள்ளியும் வேண்டா, கலாசாலையும் வேண்டா. வீட்டிலிருந்தபடியே உலகத்துப் பேராசிரியர் அனைவரிடமும் பாடங் கேட்கலாம்' எனக் களிப்போர் மற்றொரு சாரார். இவ்விரு சாராரும் பாடத்தைக் கொண்டுவரும் கருவியைப் பற்றியே பேசுகின்றனர். அப்பாடத்தைக் கேட்கும் பிள்ளை எங்கே அமர்கின்றது, எந்நேரம் அமர்கின்றது, ஐயம் எழுந்தால் யாரிடம் செல்கின்றது என்பவற்றைப் பற்றிப் பேசுவார் அரியர். மேனிலைப் பள்ளியின் முதலாண்டைப் பெரும்பான்மையும் அவ்வாறே கற்றுக் கடந்தவர் யாமாதலின், பேசப்படாத அப்பகுதியைப் பற்றிச் சில கூற விழைகின்றோம்.

ஆசிரியரை நேரிற் காணாமற் கற்றல் நேற்றுத் தோன்றிய புதுமையன்று. எவ்விடத்துக் கற்றோரும் தன் தேர்வுகளை எழுதலாம் என்று இலண்டன் பல்கலைக்கழகம் 1858 ஆம் ஆண்டிலேயே வாயிலைத் திறந்து வைத்தது. நம் நாட்டில் டில்லிப் பல்கலைக்கழகம் 1962 இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கிற்று. 1966 இல் தோன்றிய மதுரைப் பல்கலைக்கழகமோ, ஐந்தாண்டு நிரம்பியதும் 1971 இலேயே தனக்கென ஓர் அஞ்சல்வழிக் கல்வி நிறுவனத்தை அமைத்துக்கொண்டது. அப்பல்கலைக்கழகத்திற்குக் காமராசர் பெயர் சேர்ந்தது அதன் பின்னர், 1978 இல். தொடக்கப்பள்ளி ஆசிரியர், பேருந்து நடத்துநர், தறிகாரர், மணமாகிக் குடும்பம் நடத்தும் பெண்டிர் எனப் பகல் முழுவதும் வேறு தொழிலிற் கழிந்தோர் பலர், தபாற்காரர் கொணர்ந்த உறைகளைப் பிரித்தே பட்டதாரிகளாயினர்.

எம் அத்தையார் அவருள் ஒருவர். இரு மக்களைப் பெற்றபின் அவர் வரலாற்றுப் பாடத்தில் இளங்கலைப் பட்டத்திற்கு அஞ்சல்வழிச் சேர்ந்தார். பாடச் சுவடிகளைச் சணலாற் கட்டி அரிசிப் பானையின்மேல் வைத்திருப்பார். எலி கடியா இடம் வீட்டில் அஃதொன்றே என்பது அவர் துணிபு. அடுக்களை வேலை முடிந்து இரவு ஒன்பது மணிக்குமேல் அவற்றை எடுத்து வாசித்து, காலண்டர்த் தாள்களின் பின்புறத்தே குறிப்பெழுதுவார். விளங்காதவற்றை எழுதுதற்கென்றே தனி ஏடொன்று வைத்திருந்தார். 'சந்தேக நோட்டு' என்பது அதன் பெயர். விடுமுறை நாட்களில் நடைபெறும் நேர்முக வகுப்பிற்குப் பேருந்தேறிச் செல்லுங்கால் அவர் கையில் சோற்றுப் பாத்திரமும் அந்நோட்டும் இருக்கும், பிறிதொன்றும் இராது. "படிக்கிறது கஷ்டமில்லை தம்பி. சந்தேகம் வந்தால் அதை அடுத்த வகுப்புவரைக்கும் மறக்காமல் வைத்திருக்க வேண்டும் பார், அதுதான் கஷ்டம்" என்று அவர் எம்மிடம் கூறியதுண்டு. அச்சொல்லின் பொருள் எமக்கு விளங்கியது எம் பதினாறாம் வயதில்.

நிற்க. யாம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு ஆயத்தமாயிருந்த 2020 மார்ச்சுத் திங்களிற் பெருந்தொற்றின் பொருட்டுப் பள்ளிகள் மூடப்பட்டன. தேர்வு ஒத்திவைக்கப்பட்டது, பின்னும் ஒத்திவைக்கப்பட்டது, ஜூன் 9 ஆம் நாள் அடியோடு கைவிடப்பட்டது. காலாண்டு அரையாண்டுத் தேர்வுகளுக்கு நூற்றுக்கு 80, வருகைக்கு 20 எனப் பகுத்து மதிப்பெண் வழங்கி, எல்லோரையும் தேறியவராக அறிவித்தனர். எழுதாத தேர்விற் தேறிய வகுப்பார் என எம்மை நகைப்பார் இன்றும் உளர். பதினொன்றாம் வகுப்பிற் சேர்ந்தோம். ஆயின் அவ்வகுப்பறையை யாம் கண்டது 2021 பிப்பிரவரி 8 ஆம் நாள். மார்ச்சுத் திங்களில் மீண்டும் கதவடைத்தனர். அவ்வாண்டும் தேர்வின்றியே தேறினோம். பன்னிரண்டாம் வகுப்பினராய்ப் பள்ளிக்குள் நுழைந்தது செப்டம்பர் முதல் நாளன்று. இவ்வாறு, பௌதிகம், இரசாயனம், கணிதம் என்பவற்றிற்கு அடிக்கல் நாட்டவேண்டிய ஓராண்டு, ஏறத்தாழ முழுவதும், வீட்டிலேயே கழிந்தது.

அக்காலத்துப் பாடம் கிடைக்கவில்லை என்று கூறுதல் பொருந்தாது. 2019 ஆகஸ்டு 26 இல் தொடங்கப்பெற்ற கல்வித் தொலைக்காட்சி, வகுப்புவாரியாக நேரம் குறித்துப் பாடங்களை ஒளிபரப்பிற்று. 2018 முதல் வெளிவந்த புதிய பாடநூல்களில், பக்கத்தின் ஓரத்தே சிறு கட்டமாக அச்சிட்ட குறியீடு ஒன்று உண்டு; அதனைக் கைப்பேசிக்குக் காட்டினால் அப்பாடத்தின் காணொளி தோன்றும். எம் ஆசிரியர்களும் வாட்ஸ்அப் குழுவில் நாள்தோறும் கணக்குகளை அனுப்பினர். பாடம் ஊற்றெனப் பெருகிற்று. அதனை ஏந்தும் கலம்தான் வீட்டிற்கு வீடு வேறுபட்டது.

எம் வீட்டுக் கலத்தின் அளவைக் கூறுவோம். உசிலம்பட்டிப் பக்கத்துச் சிற்றூர் எம்முடையது. மழை பெய்தாற் கண்மாய் நிறையும், இல்லையேற் கிணறே கதி. எம் தந்தையார் மல்லிகை பயிரிடுபவர். மொட்டு விரியுமுன் பறித்தல் வேண்டுமாதலின், விடியற்கு முன்னரே வீட்டார் அனைவரும் தோட்டத்தில் நிற்போம். ஊரடங்கு தளர்ந்தபின் அவர் பூவைக் கட்டிக்கொண்டு மாட்டுத்தாவணிச் சந்தைக்குச் செல்வார். ஒன்பது மணிக்குமேல் திரும்புவார். வீட்டிற்கு ஒரே கைப்பேசி. பூவின் விலை கேட்கும் கருவியும் அதுவே, பௌதிகம் கேட்கும் கருவியும் அதுவே. அவர் திரும்பிய பின்னர் அது எம் தங்கைக்கு ஒரு மணி, தம்பிக்கு ஒரு மணி, எமக்கு இரண்டு மணி எனப் பங்கிடப்பட்டது. ஒரு நாளைக்கு அளந்து கொடுக்கப்பட்ட இணையத் தரவு பிற்பகலுக்குள் தீர்ந்துபோம். வீட்டினுள் அலைவரிசை எட்டாது. கண்மாய்க்கரைப் புளியமரத்தடியில்தான் எட்டும். அம்மரத்தடியில் ஒரு சமயம் பன்னிருவர், ஆளுக்கொரு திசை நோக்கி, தத்தம் கருவியைச் செவியில் வைத்து நின்ற காட்சி, கண்டோர்க்கு நகைப்பையே விளைத்திருக்கும்.

எம் வகுப்பிற் சேர்ந்தோருள் ஐவர், பள்ளி மீண்டும் திறந்தபோது வரவில்லை. இருவர் திருப்பூருக்குப் பனியன் தொழிலுக்குச் சென்றுவிட்டனர். அவர்தம் கூலியாற் குடும்பக் கடன் ஒருவாறு தீர்ந்தது என்று கேள்வியுற்றோம். ஒருவன் தன் தந்தையோடு கட்டட வேலைக்குப் போனான். ஒருத்திக்கு மணமாயிற்று. கணிதத்தில் எம்மினும் வல்லவள் அவள். தொகுநுண்கணிதம் என்னும் பெயரை யாம் கேட்டறியுமுன் அதனைத் தானே புரட்டிப் பார்த்தவள். ஐந்தாமவன் ஏன் வரவில்லை என்பதை இதுகாறும் எவரும் எமக்குக் கூறவில்லை. இணையவழிக் கல்வியைப் பற்றி எவரேனும் மேடையிற் புகழ்ந்து பேசுங்கால் எம் நினைவு இவ்வைவர் மாட்டே செல்லும். பாடம் அவர்க்கும் வந்துகொண்டுதான் இருந்தது.

இனி, எஞ்சி நின்று நன்கு தேறியோர் எவ்வாறு தேறினர் என்பதை ஆராய்ந்தோம். நல்ல கருவி உடையோர் தேறினர் என்று கருதின் அது பிழை. தனக்கென விலையுயர்ந்த கைப்பேசி வைத்திருந்த நண்பன் ஒருவன், காணொளிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கண்டு, கண்டதனாலேயே கற்றதாகக் கருதி, செப்டம்பரில் முதல் வினாத்தாளைக் கண்டதும் திகைத்து நின்றான். இரவு எட்டு முதல் ஒன்பது வரை மட்டுமே அண்ணனுடைய கைப்பேசி கிடைக்கப்பெற்ற மாணவி ஒருத்தி, அவ்வினாத்தாளில் முதலாவதாக நின்றாள். அவள் செய்தது இது: பகலிலே பாடநூலை வாசித்து, விளங்கிய இடத்திற்கு ஒரு கோடும் விளங்காத இடத்திற்கு வட்டமும் இடுவாள். இரவில் அவ்வொரு மணி நேரத்தில் வட்டமிட்ட பகுதியின் காணொளியை மட்டும் நோக்குவாள். நடுவே நிறுத்தி, அடுத்த வரியைத் தானே எழுதிப் பார்த்து, பின்னரே மேலே ஓடவிடுவாள். ஒன்பது அடிக்குமுன், அன்று செய்த கணக்குகளைப் படம்பிடித்து ஆசிரியருக்கு அனுப்புவாள். மறுநாள் திருத்தம் வரும். அத்திருத்தத்தைச் சிவப்பு மையால் தன் ஏட்டில் ஏற்றுவாள். பிறர்க்குப் பாடம் கைப்பேசியினின்று தொடங்கிற்று. அவளுக்கு அது நூலினின்று தொடங்கி, கைப்பேசியை இடையே தொட்டு, ஏட்டில் முடிந்தது. வேறுபாடு இவ்வளவே.

எமக்கு வாய்த்த துணை வேறுவகையது. ஓய்வு பெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியர் ஒருவர் எம் ஊரில் உளர். ஊரார் அனைவர்க்கும் அவர் 'வாத்தியாரையா'. மாலை ஐந்து மணிக்கு ஊர்ச்சாவடியில் ஒரு பாயை விரித்து அமர்ந்து, போகிற பிள்ளைகளை யெல்லாம் அழைப்பார். "இங்கே வாப்பா. இன்றைக்கு என்ன படித்தாய்? எனக்குச் சொல்" என்பார். பதினொன்றாம் வகுப்புப் பௌதிகம் அவர் அறியார்; அறியாததனை மறைக்கவும் மாட்டார். "திசைவேகம் என்றால் வேகம்தானே, அதற்கு எதற்கு இன்னொரு பெயர்?" என்று ஒருநாள் வினவினார். விடை கூறத் தொடங்கி, பாதியில் நின்று, வீட்டிற்கு ஓடிப் புத்தகத்தைக் கொணர்ந்து, இருட்டுமட்டும் அவருக்கு விளக்கினோம். அன்று யாம் கற்றது மறக்கவில்லை. பிள்ளைகளைப் பாயில் அமர்த்திக் கேட்கும் அப்பழைய திண்ணைப் பள்ளியின் ஒரு கூற்றை அவர் இணையத்தோடு இணைத்துவிட்டார் என்பதை அவரே அறிந்தாரோ, அறியோம்.

இதனைப் பிறநாட்டாரும் கண்டிருக்கின்றனர். 1951 இல் ஆஸ்திரேலிய நாட்டின் நடுவண் பாலைநிலத்தில், ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரில், வானொலிப் பள்ளி ஒன்றைத் தொடங்கினர். பல நூறு மைலுக்கு அப்பால் மாட்டுப் பண்ணைகளில் வாழும் சிறாருக்கு, விமானத்திற் பறந்து சென்று மருத்துவம் செய்யும் சங்கத்தாரின் வானொலி வழியே ஆசிரியர் பாடஞ் சொல்வர். எழுத்து வேலை தபாலிற் செல்லும். ஆயினும் ஒவ்வொரு பண்ணையிலும் தாயோ பிறர் ஒருவரோ பிள்ளையின் அருகே அமர்ந்து அன்றன்றைய வேலையை மேற்பார்க்க வேண்டும் என்பது அங்கு வழக்கமாயிற்று. குரல் எத்துணைத் தொலைவினின்று வரினும், கேட்பதற்கு அருகில் ஒருவர் இருத்தல் வேண்டும்.

பள்ளிப் பாடத்தைக் கடந்து மேற்பாடங்களை நாடும் மாணாக்கர்க்கும் இதுவே முறையெனக் கண்டோம். இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் பெங்களூர் இந்திய அறிவியற் கழகமும் கூடி 2003 இல் தொடங்கிய என்.பி.டெல். என்னும் திட்டத்தைப் பற்றி நம் கலாசாலையிற் பலர் கேட்டிருப்பர். மேனிலைப் பள்ளி மாணாக்கர் கேட்டிருத்தல் அரிது. அவர்க்காக விரித்துரைப்போம். 2014 முதல் இத்திட்டத்தார் நான்கு, எட்டு, பன்னிரண்டு வாரப் பாடங்களை இணையத்தில் நடத்தித் தேர்வும் வைக்கின்றனர். ஜனவரியில் ஒரு பருவமும் ஜூலையில் ஒரு பருவமும் தொடங்கும். சேர்வதற்குக் கட்டணமில்லை, சான்றிதழ் வேண்டுவோர் மட்டும் தேர்வுக்கு ஆயிரம் ரூபாய் செலுத்தி, நேரிற் சென்று எழுதுவர். வாரந்தோறும் ஒப்படைக்கும் பயிற்சிக்கு 25 மதிப்பெண், இறுதித் தேர்வுக்கு 75. பயிற்சியிற் பத்தும் தேர்வில் முப்பதும் பெற்றாலன்றிச் சான்றிதழ் இல்லை. பன்னிரண்டு வாரப் பாடத்திற் சிறந்த எட்டு வாரத்துப் பயிற்சிகளையே கணக்கிற் கொள்வர். ஆகவே காய்ச்சலுக்கும் கலியாணத்திற்கும் நான்கு வாரம் இடமுண்டு. சில பாடங்களின் உரைகள் தமிழிலும் பெயர்க்கப்பட்டுள்ளன.

கலாசாலையிற் சேர்ந்த முதற் பருவத்தில் யாமும் நண்பர் மூவரும் கணிப்பொறிக்கு நிரல் எழுதும் பாடமொன்றிற் பெயர் பதிந்தோம். ஐந்தாம் வாரத்தில் ஒருவர் நின்றார். தேர்வுக்குப் பணம் கட்டும் நாளில் மற்றொருவர் நின்றார். எஞ்சிய இருவரும் விடுதியில் ஒரே அறையினர்; ஒவ்வொரு வாரமும் ஒப்படைக்கும் இரவுக்கு முன்னிரவே ஒரு விளக்கின்கீழ் அமர்ந்து, ஒருவர் எழுதிய நிரலை மற்றவர் வாசித்துப் பிழை கண்டோம். நின்றுபோன இருவரும் எம்மினும் அறிவிற் குறைந்தவரல்லர். ஒருவர் வீட்டிலிருந்து வருபவர், மற்றொருவர் மாலையில் கடையில் வேலை பார்ப்பவர். இஃது எமக்கு மட்டும் நேர்ந்ததன்று. ஹார்வர்டு பல்கலைக்கழகமும் எம்.ஐ.டி.யும் 2012 இல் நிறுவிய எட்எக்ஸ் என்னும் இணையக் கலாசாலையின் கணக்கை ஆராய்ந்து 2019 இல் வெளிவந்த கட்டுரையொன்று, 2017-18 ஆம் ஆண்டிற் சேர்ந்தோருள் நூற்றுக்கு நால்வர்கூடப் பாடத்தை முடிக்கவில்லை என்று காட்டிற்று. சான்றிதழுக்கெனப் பணம் கட்டியோருள்ளோ ஏறத்தாழப் பாதிப்பேர் முடித்தனர். பணத்தின் மாயம் அதுவென்று கூறத் துணியோம். முடித்தே தீர்வது என்று முன்னரே உறுதி கொண்டோரே பணம் கட்டினர் எனலும் ஆம். யாது காரணமாயினும், வாயில் அகலத் திறந்திருத்தல் ஒன்று, உள்ளே சென்று மறுவாயிலால் வெளிவருதல் மற்றொன்று.

இதனினும் பெரியதொரு வாயிலைச் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தார் 2020 ஜூன் 30 இல் திறந்தனர். தரவு அறிவியல் என்னும் துறையில், பெரும்பகுதி இணையவழியாகவே கற்கத்தக்க பட்டப்படிப்பு அது. அக்கழகத்தின் பிற படிப்புகளுக்கு வேண்டிய கடும்போட்டி நுழைவுத் தேர்வு இதற்கு வேண்டுவதில்லை. பத்தாம் வகுப்பிற் கணிதமும் ஆங்கிலமும் கற்றுப் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தோர், நான்கு வாரம் அவர்கள் கற்பிக்கும் பாடத்தையே கற்று, அதிலிருந்தே வைக்கும் தகுதித் தேர்விற் தேறினாற் சேரலாம். பதினொன்றாம் வகுப்புத் தேர்வை எழுதியவுடனே இத்தகுதிக்கு முயல்வோரும் உண்டு. இடையிலே நிற்க நேர்ந்தால், முடித்த படிக்கு ஏற்பச் சான்றிதழோ பட்டயமோ கொண்டு வெளியேறலாம். வந்த வழி வீணாவதில்லை. வறியோர்க்குக் கட்டணச் சலுகையும் உண்டு. தேர்வுகளை மட்டும் குறித்த மையங்களுக்கு நேரிற் சென்றே எழுதவேண்டும். 2022 ஏப்பிரலிற் பல்கலைக்கழக மானியக் குழுவினர், ஒருவர் ஒரே காலத்தில் இரு படிப்புகளைப் பயிலலாம் என இசைந்தனர். ஆகவே நம்மைப் போல் வகுப்பறையிற் பயில்வோரும் பிறிதொன்றை இணையவழிப் பயில இடம் உண்டாயிற்று. மேலே கூறிய இரவு எட்டு மணி மாணவி, இப்பொழுது பகலில் ஒரு கலாசாலையிற் கணிதமும் இரவில் இப்படிப்பும் பயில்கின்றாள். அவள் ஏட்டில் சிவப்பு மை இன்னும் வற்றவில்லை.

வாயில்கள் பலவாகவே, அவ்வாயில் எங்குக் கொண்டுபோய் விடும் என்பதனைக் கேளாது நுழைதல் தகாது. இதிலே நம் நாட்டில் இடருற்றோர் பலர். முன்னாளில், பன்னிரண்டாம் வகுப்பு முடியாதோரும் திறந்தநிலை முறையிற் பட்டம் பெறலாம் என்றிருந்தது. தொழிலிலிருந்தோர் ஆயிரக்கணக்கில் அவ்வாறு பட்டம் பெற்றனர். 2009 ஆகஸ்டில் தமிழக அரசு ஓர் ஆணை பிறப்பித்து, பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, அதன்பின் பட்டம் என்னும் வரிசையிற் கற்றோர் பட்டமே அரசுப் பணிக்கும் பதவியுயர்வுக்கும் செல்லும் என்றது. படியொன்றைத் தாண்டி மாடியேறியவர், மேலே நின்றபடியே, படிக்கு உரிய சான்று கேட்கப்பட்டனர். அவர் கற்ற கல்வி பொய்யன்று. கழித்த இரவுகளும் பொய்யல்ல. ஆயினும் விண்ணப்பத்தின் கட்டத்தில் எழுத இடமில்லை. அவ்வாறே, மருத்துவம், செவிலியம், சட்டம், பொறியியல் முதலியவற்றைத் தொலைநிலையிற் கற்பிக்க மானியக் குழு பல்கலைக்கழகங்கட்கு ஒப்புவதில்லை. இத்துறைகளில் 'வீட்டிலிருந்தே பட்டம்' என்று சுவரொட்டி காணும் பெற்றோர், ஒட்டியவர் முகவரியைக் குறித்துக்கொள்வதற்கு முன், மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பட்டியலில் அந்நிறுவனமும் அப்பாடமும் அவ்வாண்டிற்கு உளவா என நோக்குதல் நன்று. ஆண்டுதோறும் அப்பட்டியல் மாறும்.

பள்ளியையே விட்டு விலகியோர்க்கும் ஒரு வழி உண்டு என்பதனை நம் ஊர்களிற் பலர் அறியார். 1989 இல் தேசியத் திறந்தநிலைப் பள்ளி என அமைந்து, இப்பொழுது தேசியத் திறந்தநிலைப் பள்ளிக் கல்வி நிறுவனம் என வழங்குவது, பத்தாம் வகுப்பிற்கும் பன்னிரண்டாம் வகுப்பிற்கும் தேர்வு நடத்துகின்றது. ஐந்து பாடங்களைத் தேர்ந்து, ஒரே மூச்சில் எழுதாமல் ஐந்தாண்டுக்குள் ஒன்றிரண்டாக எழுதித் தேறலாம். திருப்பூரிற் பனியன் தைப்பவனுக்கும், கைக்குழந்தையோடு இருப்பவளுக்கும் இவ்விதி பொருந்தும் என்பதனாலேயே இதனை இங்கு எழுதுகின்றோம். அங்கும் ஐயமுற்றோர் சிலர் உண்டு: திறந்தநிலைப் பள்ளியிற் கற்றோர் மருத்துவ நுழைவுத் தேர்வு எழுதலாமோ என்னும் வழக்கு நெடுநாள் நீடித்து, 2024 இலேதான் உச்சநீதிமன்றத்தில் அவர்க்குச் சார்பாக முடிந்தது. மேற்கூறிய மணமான தோழிக்கு இச்செய்தியை அனுப்பினோம். "பாப்பா நடக்க ஆரம்பிக்கட்டும் அண்ணா" என்று விடை வந்தது. ஐந்தாண்டு என்பது நீண்ட காலமே. அது போதுமோ, போதாதோ.

இடம் இல்லாதார்க்கு இடம் நகரத்தில் ஒருவாறு கிடைத்துவிட்டது. 2023 ஜூலை 15 இற் புதுநத்தம் சாலையிற் திறக்கப்பெற்ற கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில், ஆறு தளங்களிலும் மேசையும் விளக்கும் அமைதியும் உள. செல்லூரிலும் கோரிப்பாளையத்திலும் ஓரறை வீட்டில் வாழும் மாணாக்கர் பலரை அங்குக் காண்கின்றோம். கிராமத்தார்க்கு அது தொலைவு. ஆகவே சென்ற ஆண்டு முதல், எம் ஊர்ச் சாவடியில், வாத்தியாரையாவின் பாயை ஒட்டி, யாமும் நம் கலாசாலை நண்பர் இருவரும் சனிக்கிழமைதோறும் அமர்கின்றோம். கற்பிப்பதில்லை; அதற்குக் காணொளிகள் உள. வாரம் முழுவதும் பிள்ளைகள் எழுதிக் கொணரும் ஐயங்களை வாசித்து, கூட இருந்து தீர்க்கின்றோம். ஒவ்வொருவரிடமும் அதற்கெனத் தனி ஏடு உண்டு. அதன் பெயர் யாது என்று கூறவும் வேண்டுமோ? பதினொன்றாம் பன்னிரண்டாம் வகுப்பினர் பதினொருவர் இப்பொழுது வருகின்றனர். அவருள் மூவர் என்.பி.டெல். பாடமொன்றில் எட்டு வாரத்தை முடித்துத் தேர்வுக்குக் காத்திருக்கின்றனர். வாத்தியாரையா இன்னும் வேகத்திற்கும் திசைவேகத்திற்கும் வேறுபாடு கேட்கின்றார். புதிதாக வருவோரை மட்டும் கேட்கின்றார்.

ஒரு குறை உண்டு. எம் மூவருள் இரசாயனம் அறிந்தார் இலர். கரிம வேதியியல் பற்றிய ஐயங்கள் மூன்று வாரமாக ஏடுகளில் அவ்வாறே கிடக்கின்றன. அவற்றுள் சில நல்ல ஐயங்கள், எம்மால் விடை கூற இயலாதவை. இரசாயனத் துறை நண்பர்கள் சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கு அரப்பாளையம் பேருந்து நிலையத்தில் உசிலம்பட்டி வண்டியின் அருகே எம்மைக் காணலாம். பிற்பகல் மூன்று மணிக்குத் திரும்பிவிடலாம். சோறு எம் அத்தையார் வீட்டில்.